விதைத்தவரை அறிவோம்

நுழையும்முன்

பள்ளி வாழ்வை நிறைவு செய்து கல்லூரி வாயிலை நோக்கி நடக்கும் பருவம் இது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எவ்வளவு கட்டணம் என்பவற்றை எல்லாரும் கேட்கிறோம். அங்கே பாடம் நடத்துவோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்று கேட்பவர் மிகக் குறைவு. இளநிலை வகுப்புகளில் சிறப்பாகக் கற்பிக்கும் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் எவ்வாறு கண்டறிந்து போற்ற வேண்டும் என்பது குறித்த கருத்துகளை முன்வைக்கிறது இக்கட்டுரை.

விருதின் எல்லை

செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாக நாடெங்கும் கொண்டாடுகிறோம். அது டாக்டர் ச. இராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். அவர் 1909ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகத் தம் பணியைத் தொடங்கினார். பின்னர் மைசூரிலும் கல்கத்தாவிலும் பேராசிரியராக விளங்கினார். இறுதியில் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். வாழ்வின் பெரும்பகுதியைக் கல்லூரி, பல்கலைக்கழக வகுப்பறைகளில் கழித்தவர் அவர். ஆயினும் அவர் பெயரால் தமிழ்நாடு அரசு வழங்கும் நல்லாசிரியர் விருது பள்ளி ஆசிரியர்களுக்கு உரியதாகவே இருந்து வருகிறது.

நடுவண் அரசின் தேசிய நல்லாசிரியர் விருதின் வரலாறும் இதைப் போன்றதே. 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அவ்விருது நெடுங்காலம் பள்ளி ஆசிரியர்களுக்கே வழங்கப்பட்டது. உயர்கல்வி ஆசிரியர்கள் அதன் எல்லைக்குள் வந்தது 2023ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு விருது பெற்ற 75 பேரில் 50 பேர் பள்ளி ஆசிரியர்கள். 13 பேர் உயர்கல்வி நிறுவனங்களையும் 12 பேர் திறன் பயிற்சி நிறுவனங்களையும் சேர்ந்தவர்கள்.

பள்ளி ஆசிரியர்கள் பெறும் சிறப்பு முற்றிலும் தகுதியானது. நம் வினா வேறொன்று. கல்லூரிப் பேராசிரியரின் கற்பித்தலைத் தனியே போற்ற வேண்டும் என்று உணர இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? ‘பள்ளி என்பது கற்பிக்கும் இடம், பல்கலைக்கழகம் என்பது ஆராயும் இடம்’ என்னும் எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதே அதற்குக் காரணம் எனலாம். பேராசிரியர் ஒருவரை அறிமுகம் செய்யும்போது அவர் எழுதிய நூல்களையும் ஆய்வுக்கட்டுரைகளையும் நெறிப்படுத்திய முனைவர் பட்டங்களையும் வரிசையாக எடுத்துரைக்கிறோம். முதலாமாண்டு மாணவர் அறுபது பேருக்கு அவர் எவ்வாறு பாடம் நடத்தினார் என்பது அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

வாயிலில் நிற்பவர்

உயர்கல்விக்குள் நுழைவோரில் பெரும்பாலோர் யார்? நடுவண் கல்வி அமைச்சகம் நடத்திய 2021-22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் ஏறத்தாழ 4 கோடியே 33 இலட்சம் பேர். அவர்களுள் 78.9 விழுக்காட்டினர் இளநிலை மாணவர்கள். முதுநிலையும் ஆராய்ச்சியும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், உயர்கல்வி என்னும் பெருமரத்தின் அடிமரம் இளநிலைக் கல்வியே.

அதே கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதத்தை 47 எனக் காட்டுகிறது. நாட்டின் சராசரி 28.4. இது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. எனினும் இவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு பொறுப்பு காத்திருக்கிறது. இவ்வளவு பேர் கல்லூரிக்குள் வருகின்றனர் என்றால், தம் குடும்பத்திலிருந்து முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் அவர்களுள் திரளாக இருக்கின்றனர். பாடம் விளங்கவில்லை என்றால் வீட்டில் கேட்டறிய அவர்களுக்கு ஆளில்லை. பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூலைத் திடீரென எதிர்கொள்கின்றனர். விளங்காதது பாடமா, மொழியா என்று பிரித்தறியக்கூட அவர்களால் இயலாமற்போகிறது. ‘எனக்கு இது வராது’ என்று மாணவர் ஒருவர் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் முதலாமாண்டு வகுப்பறையே.

ஆராய்ச்சி மாணவர் தம் துறையைத் தேர்ந்துகொண்ட பின்னரே ஆசிரியரிடம் வருகிறார். இளநிலை மாணவரோ தேர்வதற்காகவே வருகிறார். முன்னவருக்கு வழிகாட்டுவதும் அரிய பணிதான். ஆனால், துறையின்மீது ஒருவருக்குப் பற்று உண்டாவதும் அறுந்துபோவதும் தொடக்க வகுப்புகளில் நிகழ்கின்றன. மருத்துவரும் பொறியாளரும் வழக்குரைஞரும் நாளைய பள்ளி ஆசிரியரும் அவ்வகுப்புகள் வழியாகவே வெளிவருகின்றனர். ஆகவே இளநிலைக் கற்பித்தலின் தரம் என்பது ஒரு கல்லூரியின் உள்விவகாரம் மட்டுமன்று. சமுதாயத்தின் நலன் சார்ந்ததும் ஆகும்.

இரண்டு வகுப்பறைகள்

தொடக்க வகுப்புகளின் அருமையை உணர்ந்த பேரறிஞர்கள் நம் நாட்டில் வாழ்ந்திருக்கின்றனர். வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 1889 முதல் 1916 வரை கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். பள்ளியிலிருந்து புதிதாக வரும் மாணவர்களுக்கான தொடக்க வகுப்புகளைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டவர் அவர். அதே கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் ஜகதீச சந்திர போஸ். அவ்விருவரும் பணியாற்றிய கல்லூரியில் ஒரே காலத்தில் பயின்றவர்கள் சத்தியேந்திரநாத் போஸும் மேகநாத சாகாவும். உலக இயற்பியல் நூல்களில் நிலையான இடம்பெற்ற அவ்விரு பெயர்களும் ஒரே இளநிலை வகுப்பிலிருந்து புறப்பட்டவை.

தமிழ்நாட்டிலும் அத்தகைய வகுப்பறை ஒன்று இருந்தது. பிரான்சில் 1897ஆம் ஆண்டு பிறந்த அருட்தந்தை சார்லஸ் ராசீன், பாரிசில் புகழ்பெற்ற கணித மேதை ஏலி கார்த்தானின் நெறிகாட்டலில் 1934ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றவர். 1937ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த அவர், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ஈராண்டு பணியாற்றிய பின், 1939ஆம் ஆண்டு முதல் சென்னை இலயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அன்றைய கணிதப் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் மரபைப் பின்பற்றியதாக இருந்தது. ஐரோப்பாவில் புதிதாக மலர்ந்துகொண்டிருந்த கணிதத்தின் சாளரத்தை ராசீன் தம் மாணவர்களுக்குத் திறந்து காட்டினார். திறமை உடையவர்களை இனங்கண்டு, பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் செல்லுமாறு ஊக்குவித்தார்.

வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் அவருடைய மாணவர்கள். இருவரும் 1953ஆம் ஆண்டு அந்நிறுவனத்தில் சேர்ந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1965ஆம் ஆண்டு அவர்கள் இணைந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் ‘நரசிம்மன் – சேஷாத்ரி தேற்றம்’ என்றே வழங்கப்படுகிறது. சேஷாத்ரி பின்னாளில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தை உருவாக்கினார். இராகவன் நரசிம்மன், சி. பி. இராமானுஜம் ஆகிய கணித அறிஞர்களும் ராசீனின் வகுப்பறையிலிருந்து சென்றவர்களே.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ராசீனின் பணியை யாரேனும் மதிப்பிட முயன்றிருந்தால் எதைக் கண்டிருப்பார்கள்? தேர்வுக்குச் செல்லவிருந்த இளைஞர் சிலரை மட்டுமே. அத்தேற்றம் அப்போது பிறக்கவில்லை. அந்த நிறுவனமும் தோன்றவில்லை. ஆய்வுக்கட்டுரை வெளிவந்த நாளிலேயே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. கற்பித்தலோ ஆசிரியரின் பெயர் பொறிக்கப்படாமல் மற்றொருவரின் வாழ்வில் காலந்தாழ்த்திக் கனிகிறது. நல்ல கற்பித்தல் பல இடங்களில் போற்றப்படாமற்போவதற்கு இதுவே முதற்காரணம்.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

எளிதில் எண்ணத்தக்கவற்றை எண்ணுவது நிறுவனங்களின் இயல்பு. நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் தேசியக் கட்டமைப்பு 2016ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கான அதன் ஐந்து அளவுகோல்களுள் ‘கற்பித்தல், கற்றல், வளங்கள்’ என்பதற்கு 30 விழுக்காடு மதிப்பு தரப்பட்டுள்ளது. ஆராய்ச்சிக்கும் அதே 30 விழுக்காடு. மேலோட்டமாக நோக்கினால் இரண்டும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போலச் சமமாகத் தோன்றும். ஆனால், கற்பித்தல் என்னும் அளவுகோலுக்குள் கணக்கிடப்படுவன மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் – மாணவர் விகிதம், ஆசிரியர்களின் முனைவர் பட்டமும் பணி அனுபவமும், நிதி வளமும் அதன் பயன்பாடும் போன்றவையே. இவை யாவும் நல்ல கற்பித்தலுக்கு வேண்டியவைதாம். அடுப்பும் விறகும் அரிசியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சோறு வெந்ததா என்று பாராமல் திரும்புவதைப் போன்றது இது.

ஆசிரியர்களின் பணி உயர்வு விதிகளிலும் இச்சிக்கல் நெடுநாளாக உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு வகுத்த விதிமுறைகள், ஆசிரியரின் ஒவ்வொரு பணியையும் மதிப்பெண்ணாக மாற்றும் குறியீட்டு முறையைக் கொணர்ந்தன. மதிப்பெண் வேண்டும் என்பதற்காகவே கட்டுரை எழுதும் வழக்கம் பெருகிற்று. தரமற்ற இதழ்கள் பல்கின. 2018ஆம் ஆண்டின் புதிய விதிமுறைகள் கல்லூரி ஆசிரியர்களுக்கு அம்முறையைக் கைவிட்டு, கற்பித்தலுக்குக் கூடுதல் இடமளித்தன. இது வரவேற்கத்தக்க திருப்பம். எனினும் விதி மாறிய வேகத்தில் மனப்பாங்கு மாறிவிடுவதில்லை. ‘வகுப்புச் சுமை’ என்னும் சொல்லாட்சியைக் கல்வி நிறுவனங்களில் இன்றும் கேட்கிறோம். ‘ஆராய்ச்சிச் சுமை’ என்று எவரும் சொல்வதில்லை. நாம் எதைப் பேறாகவும் எதைப் பாரமாகவும் கருதுகிறோம் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

இவ்வாறு கூறுவதால் ஆராய்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. புதியன காணாத பல்கலைக்கழகம் தேங்கிய குட்டையாகிவிடும். அமெரிக்கக் கல்வியாளர் ஏர்னஸ்ட் பாயர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையில், புலமை என்பதை நான்கு கூறுகளாக விரித்துரைத்தார். புதியன கண்டறிதல், பல துறை அறிவை ஒருங்கிணைத்தல், அறிவை வாழ்வில் பயன்படுத்தல், கற்பித்தல் என்பன அந்நான்கு. கற்பித்தலும் புலமையின் ஒரு வடிவமே என்பது அவர் கருத்து. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் இதற்கு ஏற்ற சான்று. அவர் 1961 முதல் 1963 வரை கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இயற்பியலின் அடிப்படைகளை நடத்தினார். 1965ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசைப் பெற்றது ஆராய்ச்சிக்காக. 1972ஆம் ஆண்டு ஓர்ஸ்டெட் பதக்கத்தைப் பெற்றது கற்பித்தலுக்காக. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் கழகம் 1936ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பதக்கம் அது. ஒருவரின் இருவகைப் புலமைக்கும் தனித்தனியே மதிப்பளிக்க இயலும் என்பதை இது உணர்த்துகிறது.

கைதட்டல் அளவுகோலாகுமா?

‘சிறந்த ஆசிரியரை மாணவர்களின் வாக்கெடுப்பால் கண்டறிந்துவிடலாமே’ என்று சிலர் கூறுவர். மாணவர் கருத்து இன்றியமையாதது. ஆயினும் அது மட்டும் போதாது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் பட்டறிவு இதனை விளக்கும். மாணவர்கள் அவருக்கு மிக உயர்ந்த மதிப்பீடுகளையே அளித்து வந்தனர். 1990ஆம் ஆண்டளவில், விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றை அவர் தம் வகுப்பில் கொடுத்தார். கடினமான கணக்குகளை வாய்பாடு கொண்டு தீர்த்த மாணவர்கள் எளிய வினாக்களில் தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்ற பொருளில் மாணவர் ஒருவர் அவரிடம் ஐயம் எழுப்பினார். பாடம் மனத்தில் பதியாமல் ஏட்டில் மட்டும் நின்றதை மசூர் உணர்ந்தார். அதன்பின் மாணவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்கும் முறையை உருவாக்கினார். உயர்கல்வியில் புதுமை செய்வோருக்கான மினர்வா பரிசு 2014ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, 5 இலட்சம் டாலர் மதிப்புள்ள அப்பரிசைப் பெற்றவர் அவரே.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ 270 மாணவர்கள் கொண்ட இரு பெரும் வகுப்புகளுக்கு ஒரு வாரம் ஒரே பாடம் நடத்தப்பட்டது. ஒன்றில், மாணவரிடம் நற்பெயர் பெற்ற அனுபவம் மிக்க பேராசிரியர் விரிவுரை ஆற்றினார். மற்றொன்றில், அனுபவம் குறைந்த ஒருவர் வினா, கலந்துரையாடல், உடனடி விளக்கம் என்னும் முறையில் பயிற்சி பெற்று நடத்தினார். அப்பாடத்தின் முடிவில் நடந்த தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 41 விழுக்காடு. இரண்டாம் வகுப்பின் சராசரி 74 விழுக்காடு. ஹார்வர்டில் நிகழ்த்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. தாமே முயன்று கற்கும் வகுப்பில் மாணவர்கள் மிகுதியாகக் கற்றனர். ஆனால், குறைவாகக் கற்றதாக எண்ணினர். மென்மையான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றனர். ஆனால், மிகுதியாகக் கற்றதாக எண்ணினர்.

செவிக்கு இனிமையும் அறிவுக்கு உரமும் எப்போதும் ஒன்றாகவே வருவதில்லை என்பது இவற்றால் புலனாகிறது. கைதட்டலின் ஒலியை மட்டும் கேட்டு விருது வழங்கினால், மாணவரைச் சிந்திக்க வைத்து வியர்க்க வைக்கும் ஆசிரியர் விடுபட்டுப்போவார்.

நன்னூல் காட்டும் வழி

அவ்வாறெனில் கற்பித்தலை மதிப்பிடவே இயலாதா? இயலும். நம் மரபு அதற்கு முயன்றிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை ஆக்குகிறது. ஆசிரியர் ஆகும் தகுதி இல்லாதவருக்கும் உவமைகள் உண்டு. இட்ட முறைக்கு மாறாகக் காய்களை வெளியிடும் கழற்குடம், திணித்த பஞ்சைச் சிறிது சிறிதாக வருந்தி எடுக்க வேண்டிய பருத்திக் குண்டிகை, தன்னை நெருங்கவிடாத மடற்பனை, நீர் வார்த்தவருக்கன்றி வேறொருவருக்குக் காய் தரும் முடத்தெங்கு என்பன அவை.

இவ்வுவமைகளை உற்று நோக்கினால், ஒவ்வொன்றும் ஒரு மதிப்பீட்டு வினாவாக மாறுவதைக் காணலாம். பாடத்தைக் கற்பவர் உள்ளம் ஏற்கும் வரிசையில் அமைக்கிறாரா? தமக்குத் தெரிந்ததைத் தங்குதடையின்றி வழங்குகிறாரா? ஐயத்தோடு வரும் மாணவர் அவரை அச்சமின்றி அணுக முடிகிறதா? பின்தங்கிய மாணவருக்கும் முன்னிற்கும் மாணவருக்கும் நடுநிலையோடு நேரம் ஒதுக்குகிறாரா? அவருடைய உழைப்பின் பயன் அவரை நம்பி வந்தவர்க்குச் சென்று சேர்கிறதா? ‘எத்தனை கட்டுரைகள்?’ என்னும் ஒற்றை வினாவைவிட இவ்வினாக்கள் கற்பித்தலின் உயிர்நிலைக்கு அருகில் செல்கின்றன.

இவற்றுக்கு விடை காண்பதற்கு வழிகளும் உள்ளன. துறை அறிந்த சக ஆசிரியர்கள் ஆண்டில் சில முறை வகுப்பில் அமர்ந்து காணலாம். ஆசிரியர் அமைத்த வினாத்தாள்களையும் திருத்தித் தந்த விடைத்தாள்களையும் பார்வையிடலாம். திருத்திய தாளின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்பு, அவருடைய அக்கறைக்கு அளவுகோல் ஆகும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவரின் அடிப்படைப் புரிதலைச் சோதித்து, இடையில் நேர்ந்த வளர்ச்சியைக் காணலாம். நூற்றுக்கு எண்பது பெற்று வந்தவரைத் தொண்ணூறுக்கு உயர்த்தியவரை மட்டும் பாராட்டாமல், முப்பதில் நின்றவரை அறுபதுக்கு உயர்த்தியவரையும் தேடிக் காணலாம். பட்டம் பெற்று ஐந்து அல்லது பத்து ஆண்டுகள் கடந்த மாணவர்களிடம், தம் வாழ்வைத் திசைமாற்றிய வகுப்பு எது என்று கேட்டறியலாம். காலந்தாழ்த்திக் கனியும் பயனைக் காலந்தாழ்த்திக் கேட்பதே முறை.

மாலையும் மாற்றமும்

கண்டறிந்தபின் போற்றுவது எவ்வாறு? ஒரு நாள் விழா, ஒரு சால்வை, ஒரு சான்றிதழ் என்பவற்றோடு முடிந்துவிடும் சிறப்பால் பெரும்பயன் விளையாது. மறுநாள் காலையில் அவ்வாசிரியர் அதே நெரிசலான வகுப்பறைக்கு, அதே பழைய கரும்பலகைக்குத் திரும்புகிறார். பணி உயர்வுக்கான நேர்காணலில் அச்சான்றிதழ் கோப்பின் அடியில் கிடக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பின்பற்றும் முறை இங்கு நினைக்கத்தக்கது. இளநிலை மாணவர்களும் பேராசிரியர்களோடு ஆராய்ச்சியில் பங்கேற்கும் திட்டத்தை 1969ஆம் ஆண்டு அங்குத் தொடங்கியவர் மார்கரெட் மெக்விகர். 1991ஆம் ஆண்டு மறைந்த அவர் பெயரால், இளநிலைக் கற்பித்தலில் சிறந்தோருக்கான தகைமையை அக்கழகம் ஏற்படுத்தியது. அத்தகைமை பத்தாண்டுக் காலத்திற்கு உரியது. ஆண்டுதோறும் நிதியும் அதனோடு வழங்கப்படுகிறது. கற்பித்தலை மேலும் செழுமைப்படுத்துவதற்கான வாய்ப்பாகவே அங்குச் சிறப்பு அமைகிறது.

நம் பல்கலைக்கழகங்களும் இவ்வாறு சிந்திக்க இயலும். சிறந்த கற்பித்தலுக்கு நியமனத்திலும் பணி உயர்விலும் ஆராய்ச்சிக்கு நிகரான மதிப்பு தரலாம். அவ்வாசிரியர் புதிய பாடநூல் எழுதவும், தமிழில் துறை நூல்கள் ஆக்கவும், எளிய செய்முறைக் கருவிகள் அமைக்கவும் ஒரு பருவக் கால ஓய்வும் நிதியும் வழங்கலாம். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் அவருடைய வகுப்பில் அமர்ந்து கற்கும்படி ஏற்பாடு செய்யலாம். இவ்வாறு செய்யும்போது ஒருவருக்குத் தரும் சிறப்பு பலருடைய வகுப்பறைகளை வளப்படுத்தும்.

‘கற்பித்தல் ஆசிரியரின் கடமை, கடமைக்கு விருது எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. நேர்மையான வினாதான் அது. மருத்துவரின் கடமை நோய் தீர்ப்பது. உழவரின் கடமை பயிர் விளைப்பது. ஆயினும் தம் பணியில் உயர்நிலை எய்திய மருத்துவரையும் உழவரையும் நாம் போற்றுகிறோம். கடமையைச் செய்வதற்கும் கடமையில் மேன்மை அடைவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. போற்றுதலின் நோக்கம் கூலி கொடுப்பதன்று. எது மேன்மை என்பதைப் பிறர் அறியும்படி சுட்டிக்காட்டுவதாகும்.

‘விருது வந்தால் போட்டியும் பரிந்துரையும் வரும்’ என்னும் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. தாமே விண்ணப்பித்து, தம் பெருமையைத் தாமே எழுதித் தர வேண்டிய முறையில், அடக்கம் மிக்க நல்லாசிரியர் பலர் ஒதுங்கிக்கொள்வர். ஆகவே தேடிச் செல்லும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருத்தல் வேண்டும். தேர்வுக்கான அளவுகோல்கள் முன்னரே அனைவருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். நகரத்துப் பெருநிறுவனத்தின் பேராசிரியரும் சிற்றூர் அரசுக் கல்லூரியின் உதவிப் பேராசிரியரும் ஒரே கண்ணோட்டத்தில் காணப்பட வேண்டும். கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவோரும் அப்பார்வையிலிருந்து விடுபடலாகாது. பல கல்லூரிகளில் முதலாமாண்டு வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் அவர்களே.

மாணவர் கடன்

இன்னும் ஈராண்டுகளில் நீங்கள் கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருப்பீர்கள். ஆசிரியரைப் பற்றிய கருத்துப் படிவம் உங்கள் கைக்கு வரும். பெரும்பாலோர் அதனை அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டு எழுந்து செல்வர். பிடித்தவருக்கு ஐந்து, பிடிக்காதவருக்கு ஒன்று என்று குறித்துவிடுவது எளிது. அவ்வாறு செய்வதால் நல்லாசிரியர் அறியப்படுவதுமில்லை, குறையுள்ளவர் திருந்துவதுமில்லை.

அப்படிவத்தை ஒரு சான்றாவணமாகக் கருதுங்கள். ‘நன்றாக நடத்தினார்’ என்று எழுதுவதினும், ‘வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மூன்று வகையாக விளக்கினார், மூன்றாவது விளக்கத்தில் எனக்குத் தெளிவு பிறந்தது’ என்று எழுதுவது பயனுடையது. ‘வேகமாகச் செல்கிறார்’ என்பதனினும், ‘எந்தப் பகுதியில், எந்தச் சொல்லில் நான் வழி தவறினேன்’ என்று குறிப்பது ஆசிரியருக்கு உதவும். வகுப்பு கடினமாக இருந்தது என்பதற்காகக் குறை கூறுமுன், அக்கடினம் உங்களை வளர்த்ததா, வருத்தியதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வெறுப்பும் விருப்பும் கலவாத சொல்லே சான்றாக நிற்கும்.

பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்த பின்னும் உங்கள் கடன் தீர்ந்துவிடாது. உங்களை ஆளாக்கிய வகுப்பு எது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். அந்நாளில் ஆசிரியருக்கு வணக்கம் சொல்வதோடு நின்றுவிடாமல், அவர் பணியாற்றும் கல்லூரியின் முதல்வருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் எதைக் கற்பித்தார், எவ்வாறு கற்பித்தார், அது உங்கள் வாழ்வில் எங்குப் பயன்பட்டது என்பவற்றை அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கோப்புகளில் ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியலுக்கு அருகே அக்கடிதமும் இடம்பெறட்டும்.

விளைச்சலைக் கண்டு மகிழும் சமுதாயம் விதைத்தவரையும் தேடிச் சென்று அறிய வேண்டும். தொடக்க வகுப்பில் நின்று பாடம் நடத்துபவரின் பணியை உற்றுக் காணவும், முறையாக மதிப்பிடவும், உரிய இடத்தில் அமர்த்திப் போற்றவும் நம் பல்கலைக்கழகங்கள் முன்வருமாயின், அடுத்த தலைமுறையின் திறமையாளர் பலர் ஆசிரியப் பணியை விரும்பி நாடி வருவர். அதன் பயனை முதலில் நுகர்பவர்கள் கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர்களே ஆவர்.